சங்குராசாவுக்குப் புது உடுப்பு

"சங்குராசாவுக்கு முதல்ல ஒரு பேன்ட்டு போட்டு விடணும்ணே" என்றான் செந்தூர்பாண்டி.

நான் மசி தொட்ட பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். மெட்ராஸில் படித்துவிட்டு அந்த வருஷம்தான் தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தான். அவன் போட்டிருந்த பெல்பாட்டம் தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. அச்சாபீஸைப் பெருக்க இனித் தனியாக ஆள் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முதலாளியின் மகன் அல்லவா.

சங்குராசா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 'பாய்மரம்' என்று எங்கள் அச்சாபீஸ் மாதாமாதம் போட்ட படக்கதைப் புத்தகத்தின் நாயகன் அவன். கதையும் நான்தான், படமும் நான்தான். தெற்கே நாகர்கோவில் வரைக்கும், வடக்கே மதுரை வரைக்கும் பெட்டிக்கடைகளில் அவன் தொங்கினான். கடலுக்கடியில் மணிக்கணக்காக மூச்சடக்குவான். சுறாவின் வாயை வெறுங்கையால் பிளப்பான். கடத்தல்காரன் தோணியை அடியிலிருந்தே கவிழ்ப்பான். இத்தனை செய்கிறவனுக்கு உடுப்பு என்று பார்த்தால் ஒரு முழத் துணி தேறாது. தொடை வரைக்கும் ஒரு கறுப்புச் சல்லடம், கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியம், இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையை மேலே தோணியில் அவனுடைய மச்சான் பிடித்திருப்பான். அந்த மச்சானுக்கு நான் பேர் வைக்கவில்லை, முகத்தையும் சரியாக வரைந்ததில்லை. அது நான்தான்.

சங்குராசா என் அக்காள் ஜீவமணியின் புருஷன், அம்புரோஸ் அத்தான்.

நான் எதையும் கற்பனை செய்யவில்லை. அகன்ற தாடை, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, கடலடிப் பாறை கிழித்து இரண்டாகப் போன இடது புருவம், எல்லாம் அவருடையவைதான். சங்குக் குளிப்புக் காலத்தில் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் முதல் அட்டையில் போட்டேன்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சங்கு குளித்தாலும் முத்து குளித்தாலும், இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் பிடித்தால் ஆகாதா என்று கேட்டால், ஆகும், ஆனால் அண்ணன் தம்பிக்குள் பங்கு பாகம் என்று ஆயிரம் இருக்கும். மச்சானுக்கு அப்படி இல்லை. அந்தக் கயிற்றில் தொங்குவது அவன் அக்காள் தாலி, அதனால் கண் அசரமாட்டான். கீழே இருக்கிறவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் 'தூக்கு' என்று அர்த்தம். ஏன் என்று கேட்கக்கூடாது, கொஞ்சம் பொறு என்று சொல்லக்கூடாது. அத்தனை வருஷத்தில் அம்புரோஸ் அத்தான் ஒரு தடவைகூட இரண்டாவது முறை சுண்டியதில்லை. அதற்குள் நான் தூக்கிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

கரையில் அந்தச் சுண்டை யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்யமாட்டோம். அக்காவின் பிள்ளைகள் கொடிக்கயிற்றைப் பிடித்துச் சுண்டினால் முதுகில் விழும்.

பிறகு அத்தானுக்கு இரண்டு காதும் போயின. முதலில் ரத்தம் வந்தது, எண்ணெய் விட்டுக்கொண்டு இறங்கினார். அப்புறம் சீழ் வந்தது, பஞ்சு வைத்துக்கொண்டு இறங்கினார். கடைசியில் கோவில் மணி அடித்தால்கூடத் திரும்பிப் பார்க்காத நிலை வந்தபோது ஆஸ்பத்திரியில் இனித் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கயிறு தேவைப்படாததால் எனக்கும் தோணியில் வேலை இல்லாமல் போயிற்று. நான் தோணிகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துதான் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி என்னை அச்சாபீஸுக்குக் கூப்பிட்டார். அக்காள் இறால் கம்பெனிக்குத் தோலுரிக்கப் போனாள். அத்தானுக்குப் போக இடமில்லை.

காது கேளாதவனிடம் ஊர் எவ்வளவு சீக்கிரம் பேச்சை நிறுத்திக்கொள்ளும் என்று எனக்கு முன்னால் தெரியாது. கத்திப் பேச யாருக்குச் சத்து இருக்கிறது? நல்லா இருக்கீரா என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உருண்டு திரண்ட மனுஷன் எங்கள் தெருவில் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். சங்குராசா வந்த பிறகுதான் அது மாறியது. புத்தகம் வரும் நாளன்று காலையிலேயே குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, தளவாய் அண்ணாச்சியின் பெட்டிக்கடைக்குப் போவார். தொங்குகிற புத்தகத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார். வருகிறவன் அட்டையைப் பார்ப்பான், அவரைப் பார்ப்பான், மறுபடியும் அட்டையைப் பார்ப்பான். "ஏலே, சங்குராசாலே!" என்பான். உதட்டசைவைப் பார்த்து அத்தான் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒரே வார்த்தை அது. அந்த வார்த்தையில்தான் அவர் மாதம் முழுக்க உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகை என்பீர்கள். நான் கூடவே இருந்து பார்த்தவன்.

அந்தச் சங்குராசாவுக்குத்தான் பேன்ட் போடச் சொன்னான் செந்தூர்பாண்டி.

"மாடர்ன் ஆடியன்ஸ்ணே. மெட்ராஸ்ல ஏஜென்ட்டு அட்டையப் பாத்துச் சிரிக்கான். ஹீரோவா, இல்ல கெணத்துல விழுந்த வாளிய எடுக்க எறங்குனவனான்னு கேக்கான்."

"அவன் கடல்ல எறங்குனவன் தம்பி."

"தெரியும்ணே. ஆனா டிரெஸ்ஸு வேணும்லா? செவப்பு பெல்பாட்டம். அகலமா ஒரு பெல்ட்டு, அதுல நங்கூரம். முழங்கால் வரைக்கும் பூட்ஸு. தோள்லருந்து பின்னால பறக்கமாதிரி செவப்புத் துணி."

"தண்ணிக்குள்ள பெல்பாட்டம் போட்டு எறங்குனா ஆளு வரமாட்டான் தம்பி, பேன்ட்டு மட்டும்தான் மெதந்து வரும்."

அவன் சிரித்தான். நல்ல பையன்தான், அதுதான் வம்பே. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"அந்தக் கயிறும் வேண்டாம்ணே. இடுப்புல கயிறு கட்டுனா மாடு மாதிரி இருக்கு."

"கயிறு இல்லாம எப்படி மேல வருவான்?"

"அவனே வருவான். ஹீரோவ எதுக்குண்ணே இன்னொருத்தன் தூக்கணும்?"

கடலில் இறங்கியவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. கரையில் இருந்து கேட்கிறவனுக்கோ அது நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கடைசிக் குண்டைப் போட்டான்.

"மூஞ்சிக்கு ஒரு முகமூடி. கண்ணு மட்டும் தெரியணும். யாருன்னு யாருக்கும் தெரியப்பிடாது. அதுலதான் சஸ்பென்ஸே இருக்கு."

"யாருன்னு தெரியணும் தம்பி. அதுக்குத்தான நான் வரையுதேன்."

அவனுக்கு அது புரியவில்லை. ஏதோ தொழில் சண்டை என்று எண்ணி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

நான் நேரே முதலாளி அண்ணாச்சியிடம் போனேன். உடன்குடியிலிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்து, அச்சாபீஸ் வரைக்கும் வளர்ந்தவர். இன்னும் முன்னறையில் கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில்தான் உட்காருவார். அம்புரோஸ் அத்தானை அவருக்கு நன்றாகத் தெரியும். கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு வேட்டி வரும். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நடுவில் ஒரு தடவை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்கு நம்பிக்கை வந்தது. அவசரப்பட்டு வந்த நம்பிக்கை.

"ஏசுவடியான், எனக்கு மட்டும் ஆசையா வே? கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதான். இப்ப எவன் கேக்கான்? எல்லாவனும் சீனி கேக்கான். நான் சீனியும் வச்சாத்தானே கடை ஓடுது."

"சீனி வேற அண்ணாச்சி. இது ஒரு மனுசன் மூஞ்சி."

"பய கையில குடுத்துட்டேன் வே. குடுத்த பெறகு திரும்ப வாங்கப்பிடாது." ஒரு சிப்பத்தைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீரு வரையலன்னா சிவகாசியில ஆளு இருக்குன்னு பய சொல்லுதான். சங்குராசாங்கிற பேரு நம்ம அச்சாபீஸ் பேருலல்லா பதிஞ்சிருக்கு."

மிரட்டலாகச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். இரக்கப்பட்டுச் சொன்னார். இரக்கத்தோடு கழுத்தில் கை வைக்கிறவனை என்ன செய்வது?

வேண்டுமென்றே அசிங்கமாக வரைந்து கொடுத்தேன். பூட்ஸை யானைக்கால் மாதிரிப் போட்டேன். துணியைப் பாய்மரம் கிழிந்தது மாதிரிப் பறக்கவிட்டேன். நங்கூரத்தை ஆளைவிடப் பெரிதாக வைத்தேன். செந்தூர்பாண்டி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிச்சிட்டீங்க!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தலையெழுத்து சரியில்லாதவனுக்குக் கெடுக்கிற வேலைகூட ஒழுங்காக வராது.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். முகமூடியை மூக்கோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே இருந்த தாடையை மாற்றவில்லை. பல்சந்தையும் விட்டுவைத்தேன்.

அன்று சாயங்காலம் படத்தைச் சுருட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனேன். ஜீவமணி அக்காள் இறால் உரித்து வெந்துபோன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. சத்தம் போடவில்லை. அத்தானுக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவுகள எங்கலே?"

"இதுக்குள்ளதான் இருக்காவ. மூடியிருக்கு."

"இத அவுககிட்ட எப்படிலே சொல்லுவ?"

"நீ சொல்லேன்க்கா."

"நான் வரஞ்சனாலே? உன் கைதான வரஞ்சிச்சி. நீயே சொல்லு."

அத்தான் அதற்குள் வந்துவிட்டார். படத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. காது போனவர்களுக்கு வருகிற உரத்த குரலில் சொன்னார்:

"புதுப் பசாசா மச்சான்! நல்லா வரஞ்சிருக்க. பாத்தாலே ஒரு அறை குடுக்கணும்போல இருக்கு."

அவர்மேல் தப்பில்லை. எங்கள் ஊர்க் கோவில் நாடகங்களில் சிவப்பு அங்கி பறக்க, முகத்தை மூடிக்கொண்டு வருகிறவன் யார்? பசாசுதான், சாத்தான். சின்ன வயதிலிருந்து எல்லா வருஷமும் அப்படித்தான் வந்தது. எங்கள் கடற்கரையில் எந்தப் பிள்ளையிடம் அந்தப் படத்தைக் காட்டினாலும் அதையே சொல்லும். வரைந்த எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள். பட்டணத்துப் பையன் சொன்னதைக் கேட்டு, சங்குராசாவுக்குப் பசாசு வேஷம் கட்டி வைத்திருந்தேன்.

நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அத்தானுக்கு எழுதிக் காட்டினால் எழுத்துக்கூட்டிப் படிப்பார். பிள்ளைகளின் சிலேட்டை எடுத்து, 'இனிமேல் இவன்தான் சங்குராசா' என்று எழுதிக் கையில் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முடிந்தது, தெரிந்துவிட்டது என்று நான் அக்காளைப் பார்த்தேன்.

அத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"போலிச் சங்குராசாவா! எம் பேரச் சொல்லிக்கிட்டு ஊர ஏமாத்துதானோ? அப்ப கடைசியில நான் வந்து இவன் முகமூடியக் கிழிக்கணும், என்ன?"

நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

"சொல்லாத, சொல்லாத! கதைய இப்பமே சொல்லிராத மச்சான். பொஸ்தகம் வரட்டும்."

பிள்ளைகளைக் கூப்பிட்டு, போலியை எப்படி அடிப்பது என்று தலையணையை வைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் கூத்தாடின. ஜீவமணி அக்காள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிலேட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இதற்குமேல் எழுதுவதற்குத் தமிழில் என்ன இருக்கிறது? நேராகச் சொன்னேன், எழுத்திலும் சொன்னேன். அவர் காதில்தான் விழாது என்று நினைத்திருந்தேன்.

பனிமய மாதா திருவிழா வந்தது. தேர்த் தெருவெல்லாம் கடை. சுற்று வட்டாரமே தூத்துக்குடியில் வந்து இறங்கியது. புன்னைக்காயலிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆத்தங்கரைக் கிராமத்து இந்துக்களும் மாதாவுக்குக் காணிக்கை கொண்டு வந்தார்கள். இத்தனை கூட்டத்தைச் செந்தூர்பாண்டி விடுவானா? பொருட்காட்சித் திடலில் ஒரு கடை பிடித்து, முன்னால் பீப்பாய்களை அடுக்கிப் பலகை போட்டு மேடை கட்டினான். புது 'பாய்மரம்' அங்கேதான் வெளியாகும், சங்குராசாவே நேரில் வந்து புத்தகம் கொடுப்பான் என்று ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி வைத்து ஊரெல்லாம் கூவினான். அது அத்தானுக்கு மட்டும் கேட்கவில்லை.

சங்குராசாவாக வேஷம் போட்டவன் மந்திரமூர்த்தி. புதுத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன், கபடி ஆடுகிறவன், நல்ல உயரம். பாவம், நைலான் பேன்ட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். "அண்ணே, இதப் போட்டுக்கிட்டு மூச்சே விட முடியலண்ணே" என்று என்னிடம் புலம்பினான். சங்குராசா மூச்சு விடமாட்டான், சும்மா நில்லு என்றேன். கோபத்தில் யாரிடம் எரிந்து விழுகிறோம் என்று கணக்கு இல்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய தட்டி. இரண்டு ஆள் உயரத்துக்குப் புதுச் சங்குராசா. அதற்குக் கீழே பேர், எங்கள் தெருவரைக்கும் தெரிகிற மாதிரி. மூன்று நாளாக அங்கேயே நின்று நான்தான் எழுதினேன். அந்த மூன்று நாளில் ஏதோ ஒரு பொழுது அத்தான் அந்தப் பக்கம் வந்து, எழுத்து எழுதுவதற்கு முன்னால் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மேடை போட்டிருக்கிறது, பசாசின் படம் நிற்கிறது, மச்சான் வரைகிறான். நாடகம் என்று எடுத்துக்கொண்டார். பசாசு வருகிற நாடகத்தில் சங்குராசா வராமல் இருப்பானா? காது கேளாததால் தனக்குச் சொல்லியனுப்பினது தெரியாமல் போயிருக்கும் என்று அவராகவே சமாதானம் செய்துகொண்டார். இதெல்லாம் அக்காள் பிறகு சொல்லித் தெரிந்தது. அவள் தடுத்துப் பார்த்திருக்கிறாள். அவர் கொல்லைப்புறமாகப் போய்விட்டார்.

சாயங்காலம் திடல் நிரம்பி வழிந்தது. மந்திரமூர்த்தி மேடை ஏறியதும் விசில் பறந்தது. செந்தூர்பாண்டி மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் மேடைக்குக் கீழே, புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டம் ஒரு பக்கமாக விலகுவது தெரிந்தது. ஏதோ மாடு புகுந்துவிட்டதாக்கும் என்று பார்த்தேன்.

அத்தான் வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசியிருந்தார். தொடை வரைக்கும் அதே கறுப்புச் சல்லடம், கழுத்தில் உத்தரியம், இடுப்பில் எங்கள் பழைய கயிறு. வயிறு முன்போல் இல்லை, சற்றுச் சரிந்திருந்தது. மார்முடி நரைத்திருந்தது. ஆனால் நடை அதே நடை. என் பக்கத்தில் வந்து நின்று, கயிற்றின் முனையை என் கையில் வைத்தார்.

"புடி மச்சான்."

பிடித்துக்கொண்டேன். யோசித்திருந்தால் பிடித்திருக்கமாட்டேனோ என்னவோ. ஆனால் அந்தக் கயிறு என் கைக்கு வந்தால் விரல் தானாக மூடிக்கொள்ளும். மேடை ஏறுவதற்கு முன் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் அட்டையில் நான் போட்ட அதே பார்வைதான்.

பலகை மேல் ஏறி, மந்திரமூர்த்திக்கு எதிரே காலை அகட்டி நின்று, கையை நீட்டி, "ஏலே போலி!" என்று முழங்கினார்.

திடல் கொல்லென்று சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. "யாருலே இந்தத் தாத்தா?" என்றான் ஒருவன். "குளிக்க வந்தவரு வழி தெரியாம வந்துட்டாரு" என்றான் இன்னொருவன். "பேன்ட்டு குடுங்கலே பாவம்" என்றாள் ஒரு பெண். எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது. அத்தானுக்குத் திறந்த வாய்கள் மட்டும் தெரிந்தன. சிரிப்புக்கும் வாழ்த்துக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது. அவர் மகிழ்ந்து போனார். இன்னும் நன்றாக மார்பை நிமிர்த்தினார். பல்சந்து தெரியச் சிரித்தார்.

செந்தூர்பாண்டி மேடை விளிம்பில் குனிந்தான். அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்க அத்தான்லா? கூட்டிட்டுப் போங்கண்ணே. அசிங்கப்படுத்துதாங்க அவர." நல்ல பையன் என்று முன்பே சொன்னேன். கூட்டத்தைத் திருப்புவதற்காக மைக்கில் கத்தினான்.

"எல்லாரும் சத்தமா சொல்லுங்க! நம்ம ஹீரோ யாரு?"

"சங்குராசா!" என்றது திடல்.

அத்தான் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டார். அத்தனை உதடுகளிலும் ஒரே நேரத்தில் அது வந்தது. பெட்டிக்கடையில் ஒரு வாய், இரண்டு வாயாகப் பார்த்தது, இங்கே ஆயிரம் வாயில் வந்தது. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. வாய்கள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆனால் ஒரு கண்ணும் அவர் மேல் இல்லை. அவர் அந்தக் கண்கள் போன திசையில் மெதுவாகத் திரும்பினார். சிவப்புத் துணி பறக்க மந்திரமூர்த்தி கையசைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் அவனை விரல் நீட்டிக் காட்டின. அத்தான் அவனைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கித் தட்டியைப் பார்த்தார். நான் எழுதிய எழுத்து. அவர் விரல் தன்னாலே எழுந்து, சிலேட்டில் படித்த மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. கடைசி எழுத்து வந்ததும் விரல் கீழே இறங்கவில்லை. அங்கிருந்து மேலே போய், முகமூடிக்குக் கீழே, நான் விட்டுவைத்த தாடையில் நின்றது. அது யாருடைய தாடை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேடையில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மந்திரமூர்த்தி விவரம் தெரியாமல், "பெரியவரே, இங்கன வாங்க" என்று அவர் தோளில் கை வைத்தான். கூட்டம் மறுபடியும் சிரித்தது. இந்தச் சிரிப்பு எதற்கென்று இப்போது அவருக்குத் தெரிந்தது.

கயிறு ஒரு சுண்டு சுண்டியது.

என் கால்கள் தோணியில் ஊன்றுவது மாதிரித் தரையில் ஊன்றிக்கொண்டன. இரண்டு கையும் இறுகின. என் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கீழே இருக்கிறவன் சுண்டினால் மேலே இருக்கிறவன் தூக்க வேண்டும். ஆனால் நான்தான் கீழே நின்றேன். அவர் என் தலைக்கு மேலே, மேடையில், எல்லாரும் பார்க்கிற உயரத்தில் நின்றார். அதற்கு மேலே எங்கே தூக்குவேன்? இழுத்தால் அத்தனை பேர் முன்னிலையில் விழுவார். விட்டால் கயிற்றை விட்டவன் ஆவேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் இரண்டாவது முறை சுண்டினார்.